சூடு ஆறாத உடம்பு

யுரானி படுத்து மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது, குறட்டை வந்துவிட்டது. இருபது வயது, நாற்பத்தேழு கிலோ. அந்த உடம்புக்குள்ளிருந்து இவ்வளவு பெரிய குறட்டை எப்படி வருகிறது என்று பக்கத்துக் கட்டிலில் கிடந்தபடி எடில்மா யோசித்தாள். யோசிக்க நேரம் நிறைய இருந்தது. மணி பதினொன்று. அன்று காலையிலிருந்து இருவரும் ஒரே சாலையில், ஒரே காற்றில் நூற்றுப் பதினெட்டு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்திருந்தார்கள். சரியாகச் சொன்னால் எடில்மாதான் கூடுதலாக மிதித்திருந்தாள். யுரானி அணியின் தலைவி, மலை ஏறுகிறவள். அவளுக்கு முன்னால் போய்க் காற்றை மறைப்பது, காரிலிருந்து தண்ணீர் பாட்டில் வாங்கி வந்து கொடுப்பது, மேட்டின் அடிவாரம்வரை அவளை அலுங்காமல் கொண்டு சேர்ப்பது எல்லாம் எடில்மாவின் வேலை. உழைத்தவளுக்குத் தூக்கம் இல்லை. காற்றுப் படாமல் வந்தவள் கட்டிலை ஆட்டிக்கொண்டு தூங்கினாள்.

காதைத் தலையணையில் வைத்தால் இதயம் பால் லாரி மேடேறுகிற மாதிரி இரைந்தது. புரண்டு படுத்தால் கெண்டைக்கால் தானாகவே துள்ளியது. கண்ணை மூடினால் முன்னால் போகிறவளின் பின்சக்கரம் சுற்றியது, திறந்தால் கூரை. உள்ளங்கால் அடுப்பில் போட்ட தோசைக்கல் போலக் காந்தியது. ருவானாவை, அதுதான் அந்தக் கனத்த ஆட்டுமயிர்ப் போர்வையை, கழுத்துவரை இழுத்துப் போர்த்தி, இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறைக்குள் காலை நுழைத்து, ஜன்னலின் அடி இடுக்கில் துண்டையும் சுருட்டி அடைத்துவிட்டுத்தான் படுத்திருந்தாள். அம்மா சொன்னபடி ஒன்றும் குறையவில்லை. தூக்கம் மட்டும் வரவில்லை.

மற்ற நாட்களில் எடில்மா இப்படிக் கிடையாது. சாலித்ரே கிராமத்தின் பால் சேகரிப்பு நிலையம் அவள் பொறுப்பில் இருக்கிறது. விடியற்காலை நாலரை மணிக்குக் கதவைத் திறப்பாள். முப்பத்தெட்டு வீட்டுப் பால் வரும். ஒவ்வொரு கேனிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்துச் சாராயம் கலந்து ஆட்டிப் பார்ப்பாள். திரிந்தால் கேன் திரும்பிப் போகும், திரியாவிட்டால் குளிரூட்டும் தொட்டிக்குள் போகும். ஒன்பது மணிக்குத் தொட்டியைக் கழுவிவிட்டுச் சைக்கிளை எடுத்தாள் என்றால் மூன்று மணிநேரம் மலைச்சாலை. இரவு எட்டரைக்குக் கட்டிலில் விழுந்தால் நாலு மணிவரை உலகம் தெரியாது. கணவன் வில்மர், "வீடே இடிஞ்சாலும் இவங்க எந்திரிக்க மாட்டாங்க" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

ஐந்து மணிநேரத்துக்கு மேல் உயிரைக் கொடுத்து மிதிக்கிற நாளில்தான் இந்தக் கோளாறு. ஒருநாள் பந்தயத்தில் அது தெரியாது. மறுநாள் தூங்கிச் சரிக்கட்டிவிடலாம். அவள் சைக்கிளுக்கு வந்ததே ஒருநாள் பந்தயத்தில்தான். இருபத்து நாலு வயதில், ஊர்த் திருவிழாப் போட்டியில், பால் கேன் கட்டுகிற இரும்புச் சைக்கிளில் ஓட்டி முதலாவதாக வந்தாள். பரிசு ஒரு செம்மறியாடு. அதைத் தோளில் போட்டுக்கொண்டு பதினான்கு கிலோமீட்டர் சைக்கிளிலேயே வீட்டுக்கு வந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாலு நாள், ஐந்து நாள் பந்தயங்களுக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் மூன்றாம் நாள் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. போன வருடம் மூன்றாம் நாள் இறக்கத்தில், இரண்டு இரவு தூங்காத கண் ஒரு நொடி சொருகி, சைக்கிள் முள்கம்பி வேலிக்குள் போய்விட்டது. கை கிழிந்தது. விழுந்தவர்களையும் முடியாதவர்களையும் வாரிக்கொண்டு கடைசியில் வரும் வண்டியில், பின்னால் அடையாளத்துக்குத் துடைப்பம் கட்டிய வண்டியில், ஏறி உட்கார்ந்தாள்.

காலில் தெம்பு போய்விட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் அப்படியே விட்டுவிட்டாள். தூக்கம் வரவில்லை என்று எப்படிச் சொல்வது? மாடு கறந்து, உருளைக்கிழங்கு தோண்டிப் பிழைக்கிற ஊரில் தூக்கம் வராது என்றால் சிரிப்பார்கள், இல்லாவிட்டால் எங்கேயோ எதையோ திருடிவிட்டாள் என்பார்கள். அம்மா த்ரான்சித்தோவிடம் மட்டும் சொன்னாள். அம்மா லெட்டூஸ் கீரைத் தண்டு வேகவைத்த தண்ணீர் கொடுத்தாள், கெமோமில் பூக் கஷாயம் கொடுத்தாள், கட்டிலுக்கடியில் கத்தரிக்கோலை விரித்து வைத்தாள். எல்லாவற்றுக்கும் மேலாக, காற்றுப் படாமல் இன்னும் இறுக்கமாகப் போர்த்தச் சொன்னாள்.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. பெலார்மினா சித்தி ஒரு மதியம் முழுக்க இஸ்திரி போட்டுவிட்டு, அந்தச் சூட்டோடு போய் பிரிட்ஜைத் திறந்தாள். மூன்றாம் நாள் வாய் காதுப்பக்கம் இழுத்துக்கொண்டது. நேராக மூன்று மாதம் ஆயிற்று. சூடான உடம்பில் குளிர்ச்சி படக்கூடாது என்பதை அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவே தேவைப்படவில்லை. பந்தயம் முடிந்ததும் ருவானா, கையில் சூடான வெல்லத்தண்ணீர், மூடிய ஜன்னல். குளியல் மறுநாள் காலைதான். முப்பத்தோரு வயதுவரை எடில்மா இந்த வரிசையை ஒருநாளும் மாற்றியதில்லை.

விடிந்தது. நாலு நாள் பந்தயத்தின் இரண்டாம் நாள். தங்கியிருந்தது சொகமோசோ நகரில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு விடுதி. நாலு நாளும் இதுதான் இருப்பிடம், தினம் ஒரு திசையில் பந்தயம். முட்டையும் பாலும் போட்ட சூப்பை யுரானி மூன்று கிண்ணம் குடித்தாள். எடில்மாவுக்கு ஒரு கிண்ணம் இறங்கவில்லை.

"என்னக்கா, கண்ணு ரெண்டும் அழுகின தக்காளி மாதிரி இருக்கு," என்றாள் யுரானி. அவள் மெதெயின் நகரப் பக்கத்துப் பெண், யாராக இருந்தாலும் நீ, வா, போ. எடில்மாவின் ஊரில் சின்னப் பிள்ளைகூட 'சுமர்சே', அதாவது தாங்கள்.

"ஒண்ணுமில்ல, சுமர்சே. தூசி விழுந்திடுச்சு. நீங்க சாப்பிடுங்க."

"என்னைப் போய் சுமர்சேங்கறே, நீங்க வாங்கங்கறே. உங்க ஊர்ல நாயைக்கூட அப்படித்தான் கூப்பிடுவாங்களாமே."

"நாய் நல்ல நாயா இருந்தா கூப்பிடுவோம்."

அன்று நூறு கிலோமீட்டர்தான். இருந்தும் அறுபதாவது கிலோமீட்டரிலேயே எடில்மாவுக்கு ரோடு இரண்டாகத் தெரிந்தது. தண்ணீர் வாங்கக் காருக்குப் பின்வாங்கியவளால் கூட்டத்தை மறுபடி பிடிக்கவே முடியவில்லை. கடைசி மேட்டுக்கு யுரானி தனியாகக் காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. நாற்பது விநாடி இழந்தாள்.

மாலை நாலு மணிக்கு விடுதி முற்றத்தில் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த எடில்மாவிடம் அணியின் பயிற்சியாளர் அர்ஹெமீரோ வந்தார். எல்லோருக்கும் அவர் 'தொன்' அர்ஹெமீரோ, ஐயா என்பது போல. சத்தம் போடுகிறவர் இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினார் என்றால் விஷயம் பெரிது என்று அர்த்தம். அன்று தொப்பி கையில் இருந்தது.

"சுமர்சே, நான் ஒளிச்சுப் பேசத் தெரியாதவன். முதல் நாள் நீங்க ரெண்டு ஆள் வேலை பார்க்குறீங்க. ரெண்டாம் நாள் அரை ஆள். மூணாம் நாள் உங்களை யாராவது தூக்கிட்டு வரணும். போன வருஷமும் இதேதான்."

"தெரியும், தொன் அர்ஹெமீரோ."

"நாடு சுத்துற பெரிய பந்தயத்துக்கு ஆறு பேர் எழுதணும். அது ஏழு நாள். அஞ்சு பேர் எழுதியாச்சு. ஆறாவது இடத்துக்கு உங்க பேரைத்தான் வச்சிருந்தேன். நாளைக்கு அந்தப் பெரிய மேட்டுல, உச்சிக்கு ஆறு கிலோமீட்டர் மிச்சம் இருக்கிற இடம் வரைக்கும் யுரானியை நீங்க கொண்டுபோய் விடணும். விட்டுட்டீங்கன்னா பேர் அப்படியே இருக்கும். இல்லைன்னா நான் வேற பேர் எழுதணும். மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க."

"கால்ல ஒண்ணும் கோளாறு இல்லீங்க."

"பின்ன எங்க கோளாறு?"

அவள் சங்கிலியைப் பார்த்தாள். வாய்வரை வந்ததை எண்ணெய்த் துணியோடு சேர்த்துப் பிழிந்துவிட்டாள். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

முப்பத்தோரு வயது. அடுத்த வருடம் இந்த இடத்துக்கு இருபத்தோரு வயதுக்காரிகள் நாலு பேர் வந்து நிற்பார்கள். நாளைக் காலைக்குள் தூங்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு மனுஷி வேண்டுமென்று செய்ய முடியாத ஒரே காரியமாகப் பார்த்து அதைத் தன்னிடம் கேட்கிறார்களே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

அறைக்கு வந்து, வழக்கம்போல ருவானாவைப் போர்த்தி, இரண்டு ஜோடிக் காலுறை மாட்டி, ஜன்னலை அடைத்து, அன்று கூடுதலாக ஒரு வெந்நீர்ப் பையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். யுரானி அரைக்கால் சட்டையும் பனியனுமாகத் தன் கட்டிலில் கிடந்து, கால் இரண்டையும் சுவரில் ஏற்றி வைத்து, கொய்யா மிட்டாயைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் வில்மர் போன் செய்தான். நாலு நாளும் அவள் வேலையை அவன்தான் பார்க்கிறான்.

"பெரிய சண்டைங்க," என்றான். "எவாரிஸ்தோவோட பால் மூணு கேன். காலைல சாராயம் விட்டுப் பார்த்தேன், கட்டி கட்டியாத் திரிஞ்சுபோச்சு. எடுக்க மாட்டேன்னேன். முப்பது வருஷமா பால் ஊத்துறேன், உங்களுக்கு என்ன தெரியும், எடில்மா வரட்டும்னு நடு ரோட்டுல நின்னு கத்துறாரு."

"எவாரிஸ்தோ பால் திரியாதே. கேனை வாய்க்கால்லதானே போட்டு வைப்பாரு."

"போன வாரம் யாரோ வாய்க்கால்லேருந்து ஒரு கேனைத் தூக்கிட்டுப் போயிட்டாங்களாம். அதனால சாயங்காலம் கறந்ததை வீட்டுக்குள்ளேயே வச்சிருக்காரு. அடுப்பு பக்கத்துல."

"மூடி போட்டா?"

"இறுக்கிப் போட்டு, மேல சாக்கு வேற சுத்தி."

"கறந்த சூட்டோடயா?" எடில்மாவின் குரல் உயர்ந்தது. வேலை விஷயம் என்றால் அவளுக்குக் களைப்பு மறந்துவிடும். "பின்ன எப்படிங்க கெடாம இருக்கும்? கறந்த பாலு உள்ளுக்குள்ள வெந்துகிட்டே கிடக்கும். சூடு வெளியே போக வழி விடணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன். மூடியைத் திறக்கச் சொல்லுங்க, அந்தச் சாக்கை முதல்ல தூக்கிப் போடச் சொல்லுங்க. கழுத்து வரைக்கும் ஓடுற தண்ணியில வைக்கட்டும். இப்படி இறுக்கி மூடி, அடுப்படியில வச்சு, மேலேயும் போர்த்திட்டு..."

அவள் நிறுத்திவிட்டாள்.

"ஹலோ? இருக்கீங்களா?" என்றான் வில்மர்.

எடில்மா தன் மடியைப் பார்த்தாள். ருவானா. வெந்நீர்ப் பை. காலுறைக்கு மேல் காலுறை. ஜன்னல் இடுக்கில் சுருட்டிய துண்டு. முகத்தில் வேர்வை வழிந்து தாடையில் நின்றது.

"இருக்கேன்," என்றாள். "வச்சிடுங்க. எனக்கு ஒரு வேலை இருக்கு."

ஆனாலும் உடனே துணிச்சல் வரவில்லை. பெலார்மினா சித்தியின் வாய் கண்முன் வந்தது. பால் கெட்டால் கேனைக் கவிழ்த்துவிடலாம், மூஞ்சி கெட்டால் என்ன செய்வது? பாதியாகச் செய்துபார்ப்போம் என்று முதலில் வெந்நீர்ப் பையை எடுத்து வெளியே வைத்தாள். ஐந்து நிமிடம் காத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. ருவானாவைத் தோளிலிருந்து இறக்கினாள். ஒரு ஜோடிக் காலுறை போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து அடுத்த ஜோடி. சிமெண்ட் தரையில் உள்ளங்கால் பட்டதும் எலும்புவரை ஒரு சுகம் ஏறியது. அந்தச் சுகமே அவளைப் பயமுறுத்தியது.

"சுமர்சே, இங்க பாருங்க. என் வாய் நேரா இருக்கா?"

யுரானி தலையைத் தொங்கப்போட்டபடியே திரும்பிப் பார்த்தாள். "கொஞ்சம் கோணல்தான்."

எடில்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஆனா அது நேத்தும் அப்படித்தான் இருந்துச்சு. பொறந்ததிலேருந்தே இருக்கும்னு நினைக்கிறேன்," என்றாள் யுரானி. "என்னக்கா ஆச்சு உனக்கு?"

எடில்மா சொன்னாள். சித்தி கதையிலிருந்து துடைப்ப வண்டிவரை, மூன்று வருடமாக அம்மாவைத் தவிர யாரிடமும் சொல்லாததை எல்லாம், தரையில் உட்கார்ந்து சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு சொன்னாள். யுரானி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள். யுரானி மென்றுகொண்டிருந்ததை விழுங்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"இதைத் தொன் அர்ஹெமீரோகிட்ட சொல்லலையா?"

"என்னன்னு சொல்ல? தூக்கம் வரலைன்னா?"

"ஆமா. எனக்கு வயித்தால போனப்பல்லாம் நான் சொல்லலையா? தூக்கம் அதைவிடக் கேவலமா?" என்றவள், பாத்ரூமுக்குப் போய் வாளியில் தண்ணீர் பிடித்து வந்து தரையில் வைத்தாள். "பச்சைத் தண்ணிதான். ஐஸ் இல்ல. கால வை."

"முட்டி வரைக்கும் வேண்டாம். கணுக்கால் வரைக்கும்."

"கழுத்து வரைக்கும்னு இப்பத்தான் போன்ல கத்தினே."

கணுக்காலில் ஆரம்பித்தது கெண்டைக்கால்வரை போயிற்று. துண்டை உருவிவிட்டு ஜன்னலைத் திறந்தார்கள், நாலு விரல் அகலம். மலைக்காற்று உள்ளே வந்தது. அந்த நேரம் பார்த்துச் சரியாக ஏழு மணிக்கு அம்மாவின் வீடியோ அழைப்பு. தினமும் வருவதுதான். எடில்மா வாளிக்குள் காலோடு நின்றபடி ருவானாவை எடுத்துத் தலையோடு கவிழ்த்துக்கொண்டாள்.

"முகத்தைக் காட்டுங்க," என்றாள் த்ரான்சித்தோ. பெற்ற மகளிடமும் நீங்க, வாங்க போட்டுத்தான் அந்த ஊரில் திட்டுவார்கள். "போர்த்தியிருக்கீங்களா? சரி. ஜன்னல்?"

"சாத்தியிருக்கும்மா."

"பின்ன பின்னாடி திரை ஏன் ஆடுது?"

எடில்மா வாயைத் திறப்பதற்குள் யுரானி திரைக்குப் பக்கத்தில் போய் நின்று அதைப் பிடித்து ஆட்டினாள். "நான்தாம்மா ஆட்டுறேன். சும்மா விளையாட்டுக்கு."

"உங்களுக்கு வயசு எவ்வளவு தாயி?"

"இருபது."

"ம்," என்றாள் த்ரான்சித்தோ, அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல். வைக்கும் முன் இன்னொன்று சொன்னாள்: "நாளைக்குப் பந்தயம் நம்ம பக்கமாத்தானே முடியுது? நான் வர்றேன். முடியுற இடத்துலேயே போர்த்தி விடுறேன். அங்க இருக்கிறவங்களுக்கு இதெல்லாம் தெரியாது."

அன்று எடில்மா ஒன்பதரை மணிக்கு ஒரு மெல்லிய போர்வையோடு படுத்தாள். இதயம் அடித்தது, ஆனால் லாரி இறக்கத்தில் போகிற மாதிரி அடித்தது. கெண்டைக்கால் இரண்டு தடவை துள்ளிவிட்டு அடங்கியது. யுரானியின் குறட்டை ஆரம்பித்ததைக் கேட்டாள். அது எப்போது நின்றது என்று தெரியவில்லை. இரண்டு மணிக்கு ஒருமுறை பசித்து விழித்து, மேசையில் இருந்த மிச்சக் கொய்யா மிட்டாயைத் தின்றாள். குளிராக இருந்தது. ருவானாவை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மறுபடி கண்ணைத் திறந்தபோது பக்கத்துத் தோட்டத்தில் சேவல் கூவிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பாத்ரூம் கண்ணாடியில் வாயைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் சரிசமமாக ஈ என்று இளித்துப் பார்த்தாள்.

புறப்படும் இடத்தில் அர்ஹெமீரோவைத் தேடிப் போனாள். "நேத்துக் கேட்டீங்களே, எங்க கோளாறுன்னு. தூக்கத்துலீங்க. மிதிச்ச அன்னிக்குத் தூக்கம் வர்றதில்லை. நேத்து வந்துச்சு."

அவர் அவளைப் பார்த்தார். "மூணு வருஷமா இதைச் சொல்லலையா?"

"வெக்கமா இருந்துச்சு."

"எனக்கும் வராது," என்றார் அவர், யாரும் கேட்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு. "பந்தயம் ஓட்டின காலத்துல. ராத்திரியெல்லாம் சைக்கிளைத் துடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். சுத்தக்காரன்னு பேர் வாங்கினேன்." பிறகு வழக்கமான குரலுக்குத் திரும்பினார். "தூங்கினது நல்லது. ஆனா நான் மேட்டைத்தான் பார்ப்பேன்."

ஒரே இரவில் கால் புதிதாகிவிடவில்லை. தொடை கனத்தது, முதல் முப்பது கிலோமீட்டரும் ஒவ்வொரு சின்ன ஏற்றமும் வலித்தது. ஆனால் ரோடு ஒன்றாகத் தெரிந்தது. எந்தத் திருப்பத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று முன்கூட்டியே புரிந்தது. ஏரிக்கரையில் பக்கவாட்டுக் காற்று கூட்டத்தை மூன்று துண்டாக உடைத்தபோது, உடையும் முன்பே யுரானியை முன் துண்டுக்குள் கொண்டுபோய்ச் சொருகிவிட்டாள். முந்தின நாள் கண்ணாக இருந்தால் அது தெரிந்திருக்காது.

பெரிய மேட்டின் அடிவாரத்தில் எடில்மாவும் இன்னும் இரண்டு அணிகளில் தலைவியை இழுத்துச் செல்லும் பெண்களும் முன்னால் இருந்தார்கள். உச்சிக்குப் பத்து கிலோமீட்டரில் ஒருத்தி கழன்றாள். எட்டில் இன்னொருத்தி. எடில்மாவின் வாயில் இரும்பு ருசி வந்தது. பின்னால் யுரானியின் மூச்சு மட்டும் கேட்டது, கன்றுக்குட்டி மாதிரி.

"அக்கா, ஏழரை," என்றாள் யுரானி. கொஞ்சம் கழித்து, "ஏழு."

"எண்ணாதீங்க சுமர்சே. எண்ணினா கூடுது."

ஆறு கிலோமீட்டர் என்று போட்ட பலகையை முன்னால் போய்த் தாண்டினாள். அதோடு விடவில்லை. இன்னும் ஒரு வளைவு, அதற்கப்புறம் ஒரு வளைவு. ஐந்து கிலோமீட்டர் பலகை தெரிந்ததும் இடது பக்கம் ஒதுங்கி, கையை ஆட்டினாள். யுரானி பக்கத்தில் வந்தவள் போகிற போக்கில் அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்து நின்று மிதித்துக்கொண்டு போனாள். பின்னால் வந்த அணிக் கார் எடில்மாவைக் கடக்கும்போது கொஞ்சம் மெதுவாயிற்று. உள்ளே அர்ஹெமீரோ. தொப்பி தலையில் இருந்ததைப் பார்த்தாள்.

யுரானி அன்று இரண்டாவதாக வந்து முந்தின நாள் இழந்த நாற்பது விநாடியை மீட்டாள். எடில்மா முப்பத்தொன்றாவதாக, பதினோரு நிமிடம் கழித்து வந்தாள். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் ஒரு தடுப்பில் சாய்ந்து, யாரோ நீட்டிய பாட்டிலை வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். தண்ணீர் பிடரியில் இறங்கி முதுகில் ஓடியது. கண்ணைத் திறந்தபோது எதிரே, விரித்த ருவானாவைக் கையில் பிடித்தபடி, காளையை அடக்க வந்தவள் போல த்ரான்சித்தோ நின்றாள்.

எடில்மா காலிப் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"நேத்துத் திரை ஆடினப்பவே நினைச்சேன்," என்றாள் த்ரான்சித்தோ. "இருபது வயசுப் பொண்ணு திரை ஆட்டி விளையாடுமா? உங்களுக்கு வாய் கோணட்டும்னே பண்றீங்களா? பெலார்மினாவைப் பார்த்தப்புறமுமா?"

"அம்மா, நேத்துத் தூங்கினேன்."

த்ரான்சித்தோவின் கை அப்படியே நின்றது. மகளுக்காகக் கத்தரிக்கோல் விரித்து வைத்தவள் அவள். "எவ்வளவு நேரம்?"

"ஏழு மணி நேரம் இருக்கும். நடுவுல ஒரு தடவை எந்திரிச்சுத் தின்னேன். ஜன்னலைத் திறந்து வச்சு, காலைத் தண்ணியில வச்சுத்தான்."

த்ரான்சித்தோ மகளின் தாடையைப் பிடித்து, சந்தையில் உருளைக்கிழங்கைப் புரட்டிப் பார்க்கிற மாதிரி இடமும் வலமும் திருப்பிப் பார்த்தாள். உதட்டு ஓரத்தைக் கட்டைவிரலால் இழுத்துவிட்டுப் பார்த்தாள். ஈரத் தலையைப் பார்த்தாள். ருவானாவை மடித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"பெலார்மினாவுக்கும் மூணாம் நாள்தான் கோணிச்சு," என்றாள். "அதுவரைக்கும் நான் உங்ககூடவேதான் இருப்பேன்."

இருந்தாள். விடுதிக் கன்னியாஸ்திரீகளிடம் பேசி, அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் ஒரு நாற்காலி வாங்கிப் போட்டுக்கொண்டாள். எடில்மா வாளியில் கால் வைத்ததை, கதவருகே நின்று, கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். கால் மணிநேரம் ஆனதும் போதும் என்றாள். எட்டு மணிக்கே எடில்மாவுக்குக் கண் சொருகியது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மறுநாள் காலை, ஆரெப்பா என்கிற சோள ரொட்டியைப் பிட்டுக்கொண்டே யுரானி நடித்துக் காட்டித்தான் அவளுக்குத் தெரியும்.

எட்டரை மணிக்கு அர்ஹெமீரோ ஒரு காகிதத்தோடு வந்தாராம். த்ரான்சித்தோ நாற்காலியைக் கதவுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டாளாம்.

"அவங்க தூங்குறாங்க."

"ஒரு நிமிஷம் எழுப்புங்க, தொன்யா த்ரான்சித்தோ. நல்ல செய்திதான்."

"நல்ல செய்தின்னா காலைல வரைக்கும் கெட்டுப் போகாது."

"பேரை எழுதியாச்சு. இன்னிக்கு ராத்திரியே அனுப்பணும். சட்டை அளவு ஒண்ணுதான் தெரியணும்."

"அதை என்கிட்ட கேளுங்க. பெத்தவளுக்குத் தெரியாதா?" என்று அம்மா சொன்ன இடத்தில் யுரானிக்கே சிரிப்பை அடக்க முடியாமல் ஆரெப்பா புரையேறியது.

எடில்மா அம்மாவைப் பார்த்தாள். பேரை எழுதியாச்சு என்பதையே அவள் நெஞ்சு இன்னும் முழுதாக வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் அம்மாவின் முகத்தில் எதையோ மறைக்கிற களை தெரிந்தது.

"என்ன அளவு சொன்னீங்க?"

"பெரிசு," என்றாள் த்ரான்சித்தோ.

"அம்மா, எனக்குச் சின்னதுதானே."

"உள்ள ஸ்வெட்டர் போட வேண்டாமா? ஏழு நாள் பந்தயம்ங்கறாங்க."

எடில்மா கையிலிருந்த ஆரெப்பாவைத் தட்டிலேயே போட்டுவிட்டு, அளவை மாற்றச் சொல்ல அர்ஹெமீரோவைத் தேடித் தாழ்வாரத்தில் ஓடினாள்.